‘நம்ம ஊர் தோசை மாதிரி’ன்னு சொல்றதுக்கு முன்னாடி

முதல்லயே ஒண்ணை ஒத்துக்கிறேன். எத்தியோப்பியச் சாப்பாட்டைப் பத்தி எழுத எனக்குப் பெரிய தகுதி எதுவும் கிடையாது. வாழ்க்கையில மூணே தடவைதான் சாப்பிட்டிருக்கேன், மூணும் ஒரே கடையில. ஆனா அந்தக் கடையில நான் உளறின ஒரு வாக்கியத்தைப் பத்தி எழுதலாம். அதுக்கான தகுதி எனக்கு மட்டும்தான் இருக்கு.

போன கோடையில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்காக அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்துக்குப் போயிருந்தேன். நம்ம காலேஜில் பத்து வருஷம் முன்னாடி படித்த சீனியர் அண்ணா ஒருவர் சில்வர் ஸ்பிரிங்கில் இருக்கிறார். வாஷிங்டனிலிருந்து மெட்ரோ ரெட் லைன் பிடித்தால் நேராகப் போய் இறங்கும் ஊர். ஒரு புதன்கிழமை சாயங்காலம் அண்ணாவும் அண்ணியும் என்னை அங்கே ஒரு எத்தியோப்பியக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கடைன்னா ரொம்பப் பெருசா யோசிக்காதீங்க. ஒரு லாண்டரிக்கும் முடி திருத்தும் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன ஷட்டர். மொத்தம் ஏழு டேபிள். ஆர்டர் எடுப்பது ஒரு அம்மா, அடுப்படியில் அவர் வீட்டுக்காரர், தண்ணீர் கொண்டுவந்து வைப்பது காலேஜ் படிக்கும் மகன். மூலை டேபிளில் லேப்டாப்பைத் திறந்து வைத்து அசைன்மென்ட் எழுதிக்கொண்டே ஓடி ஓடி வேலை பார்த்தான். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் நம்ம ஊர் மெஸ் வைத்திருக்கும் நண்பன் ஒருத்தன் ஞாபகம் வந்தான்.

ஒரு பெரிய வட்டத் தட்டு வந்தது. தட்டு முழுக்க விரித்தாற்போல ஒரு மெத்தென்ற, பழுப்பு நிற, ஓட்டை ஓட்டையான இன்ஜெரா. அதன் மேலேயே குவியல் குவியலாக மைசூர்ப் பருப்பு, மஞ்சள் பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட், கடலை மாவில் செய்த ஷிரோ. ஸ்பூன் கிடையாது. மூணு பேருக்கும் சேர்த்து ஒரே தட்டு. ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தேன். புளிப்பு. உடனே, ரொம்ப நட்பாகப் பேசுகிறேன் என்ற நினைப்பில், அந்த அம்மாவிடம் சொன்னேன்: “இது எங்க ஊர் தோசை மாதிரியே இருக்கு.”

அவர் சிரித்தார். “இந்தியாவிலிருந்து வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க” என்றார். பிறகு ரொம்ப இயல்பாகக் கேட்டார்: “உங்க தோசை மாவு எத்தனை நாள் புளிக்கும்?”

“ஒரு ராத்திரி.”

“எதையெல்லாம், எந்த அளவுல அரைப்பீங்க?”

அரிசி, உளுந்து என்று சொல்லிவிட்டேன். அளவு? சத்தியமாகத் தெரியவில்லை. இருபது வருஷமாகத் தின்கிறேன். எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்று ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைக் காப்பாற்றுவதாக இல்லை, வேடிக்கை பார்த்தார்.

யோசித்துப் பாருங்கள். எனக்குச் செய்யத் தெரியாத ஒரு பண்டத்தை, எனக்குச் செய்யத் தெரியாத இன்னொரு பண்டத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒண்ணுதான்னு தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். வைவாவில் இப்படி ஒரு பதில் சொன்னால் எக்ஸ்டர்னல் சும்மா விடுவாரா?

சரி, இன்ஜெரான்னா என்ன?

அன்றைக்குக் கூட்டம் குறைவு. மகன் எங்களைச் சமையலறை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். பார்த்ததைச் சொல்கிறேன்.

டெஃப் என்பது ஒரு வகைப் புல்லின் விதை. எத்தியோப்பியா, எரித்ரியா மலைப்பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளையும் தானியம். கசகசா அளவுதான் இருக்கும். ஆயிரம் விதையை எண்ணி எடை போட்டாலும் அரை கிராம் தேறாது. இதை மாவாக்கி, தண்ணீரில் கரைத்து, போன தடவை புளித்த மாவின் மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நீரைக் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். அந்த நீருக்குப் பெயர் எர்ஷோ. தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். அப்புறம் இரண்டு மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். நடுவில் கொஞ்சம் மாவை எடுத்துத் தண்ணீர் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆற வைத்து, திரும்ப அதே மாவில் கலக்கும் ஒரு வேலையும் இருக்கிறது. மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளவும், சுட்ட பிறகு அந்த மெத்தென்ற பதம் வரவும் அது உதவுகிறது. டெஃபில் குளுட்டன் கிடையாது என்பதால் கோதுமை மாவு போலத் தானாக இழுத்துப் பிடிக்காது.

சுடுவது மிதாத் என்ற பெரிய வட்டக் கல்லில். ஊரில் மண்ணில் செய்த கல், இங்கே கரண்டில் ஓடுவது. நாம் தோசை மாவை நடுவில் ஊற்றி வெளியே இழுப்போம். அவர்கள் வெளி விளிம்பில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே வருகிறார்கள். கரண்டியால் தேய்ப்பதில்லை. எண்ணெய் இல்லை. மூடி போட்டுவிடுவார்கள், திருப்பிப் போட மாட்டார்கள். மேலே வரும் குழிகளுக்கு அவர்கள் மொழியில் ‘கண்கள்’ என்று பெயர். கண் சரியாகத் திறக்கவில்லை என்றால் அந்த இன்ஜெரா தேறவில்லை என்று அர்த்தம். குழம்பைப் பிடித்துக்கொள்வதே அந்தக் கண்கள்தான்.

ஆக, தோசைக்கும் இதற்கும் தானியம் வேறு, புளிக்கிற நேரம் வேறு, ஊற்றும் திசைகூட வேறு. ஒப்பிட்டே ஆகணும்னா ஆப்பம்தான் கொஞ்சம் கிட்ட வரும். புளிப்பை மட்டும் நாக்கில் வைத்துக்கொண்டு ‘நம்ம தோசை’ என்று நான் முத்திரை குத்திவிட்டேன்.

“இதுக்கு இவ்ளோ சீனா? பாசமா ஒரு வார்த்தை சொன்ன, அவ்ளோதானே” என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரியாத ஒன்றைப் பார்த்ததும் தெரிந்த ஒன்றோடு சேர்த்துப் பார்ப்பது மனுஷ இயல்பு. ஒப்பிடுவதே தப்புன்னு நான் சொல்லல. ஒப்பிட்டதும் நமக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்கிறோமே, அதுதான் பிரச்சினை. ‘தோசை மாதிரி’ன்னு சொன்ன அடுத்த நொடியே கேள்வி கேட்பதை நிறுத்திடறோம். அன்றைக்கு அந்த அம்மா திருப்பிக் கேட்காமல் இருந்திருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன்.

‘சும்மா ஒரு மாவு’ கதை

இதே டெஃப் மாவைப் பற்றி இன்ஜினியரிங் பசங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு விஷயம். டெஃப் மாவைப் பதப்படுத்தும் முறைக்கு 2007-ல் ஒரு டச்சு நிறுவனம் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கியது. தலைமுறை தலைமுறையாக எத்தியோப்பிய வீடுகளில் நடந்துவரும் சமாச்சாரத்துக்குக் காப்புரிமை! 2018-ல்தான் ஹேக் நகர நீதிமன்றம், இதில் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை என்ற அடிப்படையில், நெதர்லாந்தில் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. நடுவில் பதினொரு வருஷம் போய்விட்டது.

இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதா? நம்ம மஞ்சள் கதைதான். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-ல் அமெரிக்கக் காப்புரிமை கொடுத்தார்கள். நம்ம சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் ஆய்வுகளையும் ஆதாரமாகக் காட்டி வாதாடிய பிறகு 1997-ல் ரத்து செய்தார்கள். மஞ்சள் விஷயத்தில் நமக்கு வந்த கோபத்தில் பாதியாவது டெஃப் விஷயத்தில் வரணும். ஒரு ஊர்க்காரர்களின் அறிவைச் ‘சும்மா ஒரு மாவு’ன்னு பார்க்கும்போதுதான் அதை யார் வேணா எடுத்துக்கலாம்ங்கற எண்ணம் வருது.

பருப்புக்கும் கீரைக்கும் மூவாயிரமா?

பில் வந்தது. டிப்ஸ் சேர்க்காமல் 36 டாலர். மூன்று பேர் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தோம். நான் மனசுக்குள் ரூபாயில் பெருக்கினேன். “அண்ணா, பருப்பும் கீரையும் கோஸும். மூவாயிரம் ரூபாயா?” என்றேன். அண்ணா திரும்பிப் பார்த்தார். “போன வாரம் பீட்சாவுக்கு எவ்ளோடா குடுத்தே? அதுல மைதாவும் தக்காளியும்தானே இருந்துச்சு?”

பதில் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாவு மூணு நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும். நாளைக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாமலே இன்னைக்குக் கரைக்கணும். கூட்டம் வரலைன்னா மாவு வீண். குழம்புகளுக்கு அடிப்படை வெங்காயம். பொடிப்பொடியாக நறுக்கி, முதலில் எண்ணெயே இல்லாமல் குறைந்த தீயில் ரொம்ப நேரம் கிளறிக்கொண்டே இருக்கணும். விட்டால் அடி பிடிக்கும். அப்புறம்தான் பெர்பெரே. அது மிளகாயோடு வெந்தயம், கருஞ்சீரகம், ஓமம், ஒரு வகை ஏலம் என்று பல சரக்கு சேர்ந்த பொடி. இத்தனையையும் செய்வது ஒரு குடும்பம். வாரத்தில் ஆறு நாள். மகனுக்குச் சம்பளம் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது. ஆனால் மெஸ் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதில் தெரியும்.

நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிருஷ்ணேந்து ரே, வந்தேறிய மக்கள் நடத்தும் உணவகங்களைப் பற்றி 2016-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் அவர் வைக்கும் முக்கியமான வாதம், ஒரு சமையலுக்கு நாம் எவ்வளவு விலை கொடுக்கத் தயார் என்பது, அந்தச் சமையலுக்குச் சொந்தக்காரர்களை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதுதான். ஜப்பான் பணக்கார நாடாக ஏற ஏற, ஜப்பானியச் சாப்பாட்டின் மதிப்பும் அமெரிக்காவில் ஏறியது. அரிசி அதே அரிசிதான்.

அன்றைக்கு அந்த மூவாயிரத்தைக் கேட்டு என் வாய் பிளந்ததற்குக் காரணம் பருப்பின் விலை இல்லை. ஆப்பிரிக்கச் சாப்பாடு என்றால் மலிவாகத்தான் இருக்கணும் என்று நான் யோசிக்காமலே முடிவு செய்திருந்தேன். நம்ம இட்லி, தோசைக்கு வெளிநாட்டில் யாராவது அதே மாதிரி மூக்கைச் சுளித்தால் ரீல்ஸ் போட்டுச் சண்டைக்குப் போவோம்.

“அங்க சாப்பாடு இருக்கா?”

தட்டைப் படம் எடுத்து நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். முதல் பதில்: “எத்தியோப்பியாவா? அங்க சாப்பாடு இருக்கா மச்சி?” கீழே பதினாலு சிரிப்பு எமோஜி. நானும் வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

1984-85-ல் எத்தியோப்பியாவில் கொடும் பஞ்சம் வந்தது உண்மை. எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் உலகத் தொலைக்காட்சி முழுக்க ஓடின. மழை இல்லாதது மட்டும் காரணம் இல்லை. உள்நாட்டுப் போரும் அன்றைய ராணுவ ஆட்சியும் சேர்ந்துதான் அந்தச் சாவுகளுக்குக் காரணம். 1974-ல் பேரரசர் ஹைலே செலாசியை இறக்கிவிட்டு வந்த ஆட்சி அது. 1991 வரை நீடித்தது. அதிலிருந்து தப்பித்து வந்தவர்கள்தான் வாஷிங்டன் பகுதியில் முதன்முதலாக இந்தக் கடைகளைப் போட்டார்கள். முதலில் ஆடம்ஸ் மார்கன், அப்புறம் யூ தெரு. அங்கே வாடகை ஏற ஏற, சில்வர் ஸ்பிரிங், அலெக்சாண்ட்ரியா என்று வெளியே நகர்ந்தார்கள். அதாவது அந்த ஏழு டேபிள் கடைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இன்னொன்று. 1876 முதல் 78 வரை நம்ம ஊரில் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அதை வைத்து யாராவது இன்றைக்கு உங்களிடம் “தமிழ்நாடா? அங்க சோறு இருக்கா?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? நாற்பது வருஷப் பழைய ஒரு செய்திப்படத்தை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

புதன்கிழமை டோக்கன்

இப்ப நான் உண்மையிலேயே எழுத வந்த விஷயம்.

மெனுவில் அந்தக் கலவைத் தட்டுக்குப் பக்கத்தில் ‘விரதத் தட்டு’ என்று போட்டிருந்தது. என்ன விரதம் என்று கேட்டேன். மகன் சொன்னான். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம். இயேசுவைக் காட்டிக்கொடுக்க முடிவெடுத்த நாள் புதன், சிலுவையில் அறைந்த நாள் வெள்ளி. இறைச்சி, முட்டை மட்டுமில்லை, பால், தயிர், வெண்ணெய்கூடக் கிடையாது. ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் தொடர் விரதம். எல்லாம் கூட்டினால் வருஷத்தில் 180 நாளுக்கு மேல் வரும். அதனால்தான் அவர்கள் சமையலில் பருப்பும் கீரையும் இவ்வளவு வளர்ந்திருக்கிறது. “எல்லாரும் இல்ல. எங்க நாட்டுல மூணுல ஒரு பங்கு முஸ்லிம்கள். ஆர்த்தடாக்ஸ்லயும் சிலர் கடைப்பிடிப்பாங்க, சிலர் மாட்டாங்க. எங்கம்மா விடமாட்டாங்க” என்றான்.

எனக்குச் சாப்பாடு தொண்டையில் நின்றது.

நம்ம ஹாஸ்டலில் என் ஃப்ளோரிலேயே ஒரு எத்தியோப்பிய அண்ணா இருந்தார். எம்.டெக் படித்தார், போன மே மாதம் முடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இரண்டு வருஷம். நம்ம மெஸ்ஸில் புதன்கிழமை ராத்திரி சிக்கன் டோக்கன், சைவக்காரர்களுக்குப் பனீர். அவர் புதன்கிழமை சிக்கனும் வாங்க மாட்டார், பனீரும் வாங்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சிக்கனை மட்டும் நன்றாகச் சாப்பிடுவார். “ஞாயிறு சாப்பிடறான், புதன் வேணாங்கறான், என்ன லாஜிக்டா இது? சீன் போடறான்” என்று பேசிக்கொள்வோம். பேசிக்கொண்டே அவர் டோக்கனுக்கு நாங்கள் வரிசையில் நிற்போம். இந்த வாரம் உனக்கு, அடுத்த வாரம் எனக்கு என்று முறை வைத்திருந்தோம். அவர் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

இரண்டு வருஷத்தில் ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இதில் பெரிய அசிங்கம் என்ன தெரியுமா? நமக்குப் புரியாத லாஜிக்கே இல்லை அது. புரட்டாசி வந்தால் நம்ம மெஸ்ஸில் பாதி டோக்கன் மிஞ்சும். செவ்வாய், வெள்ளி கறி தொடாதவன் ஒவ்வொரு ரூமிலும் ஒருத்தன் இருக்கிறான். அவனிடம் போய் “என்ன லாஜிக்?” என்று யாரும் கேட்பதில்லை. உண்மையான ஒற்றுமை இங்கேதான் இருந்தது. ஆனால் அது நாக்கில் தட்டுப்படாது. பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு, பதிலைக் காதில் வாங்கினால்தான் கிடைக்கும்.

அதே சாயங்காலம் இன்னும் இரண்டு ஒற்றுமை கிடைத்தது. எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், பின்னால் அப்பா பெயர். நம்ம இனிஷியல் கதைதான். விசா ஃபார்மில் நான் பட்ட பாட்டைச் சொன்னதும் அந்தப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்பா பட்ட பாடும் அதேதான். அப்புறம் மெனுவின் பின்பக்கம் அம்ஹாரிக் எழுத்தைக் காட்டினான். ஒவ்வொரு மெய்க்கும் உயிர் சேரச் சேர எழுத்தின் உருவம் கொஞ்சம் மாறும். க, கா, கி, கீ மாதிரி ஒரு வரிசை, ஏழு வடிவம். இந்த ‘மாதிரி’யைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. இதில் தப்பு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஒரே தட்டு

கிளம்பும் முன்னால் அந்த அம்மா வந்தார். இன்ஜெராவில் ஒரு பெரிய உருண்டையாகச் சுருட்டி, தன் கையாலேயே என் வாய்ப்பக்கம் நீட்டினார். இதற்கு குர்ஷா என்று பெயர். அன்புக்கும் மரியாதைக்கும் அடையாளமாக ஊட்டிவிடுவது. உருண்டை எவ்வளவு பெரிசோ அவ்வளவு அன்பு. ஒரு நொடி தயங்கினேன். முன்னேபின்னே தெரியாத ஒருத்தர் கையால் வாங்குவதா? அப்புறம் வாயைத் திறந்தேன். பேச்சே வரவில்லை, காரணம் உருண்டையின் சைஸ்.

அந்த ஒரு நொடித் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் யோசித்தேன். ‘எச்சில்’ என்பது நம்ம ஊரில் சுத்தத்தைப் பற்றிய வார்த்தை மட்டும் இல்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் தொட்டதைச் சாப்பிடலாம் என்பதில்தான் நம்ம சாதி இத்தனை காலம் குடியிருக்கிறது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகள் ஏதோ புராண காலத்துச் சங்கதி இல்லை. ஹாஸ்டலுக்கு வந்ததும் அதையெல்லாம் தாண்டிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரே பிரியாணி பார்சலைப் பிரித்து ஆறு பேர் கை வைத்துச் சாப்பிடுகிறோம், அதை ஸ்டேட்டஸும் வைக்கிறோம். உண்மைதான், அது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஆறு பேரில் அந்த அண்ணா ஒருநாளும் இருந்ததில்லை. பக்கத்து ரூம்தான். கதவைத் தட்டினால் போதும். ஒரே தட்டில் சாப்பிட்டே வளர்ந்த மனுஷன், இரண்டு வருஷம் தனித்தட்டில் ரசம் சாதம் சாப்பிட்டார்.

இதைப் படிக்கிற சிலர், “அவரும் வந்து பேசியிருக்கலாமே” என்பீர்கள். ஃப்ளோரில் நாம் நாற்பது பேர், அவர் ஒருத்தர். அவருக்கு நாம் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம், அதை அவர் எதிரிலேயே கூப்பிட்டோம். யார் முதலில் பேசியிருக்கணும்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப என்ன பண்ணலாம்?

வெறும் குற்ற உணர்ச்சியோடு கட்டுரையை முடிக்க விருப்பமில்லை. இந்த வருஷமும் நம்ம காலேஜுக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து புதுசாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். வடகிழக்கிலிருந்தும் வந்திருக்கிறார்கள். அதனால் மெஸ் கமிட்டிக்கு மூணு கோரிக்கை.

ஒண்ணு, டோக்கன் ஃபார்மில் ‘சைவம், அசைவம்’ என்ற இரண்டு கட்டம் போதாது. பால் பொருளும் இல்லாத மூன்றாவது கட்டம் ஒன்று வேணும். எந்த நாளுக்கு எது என்று மாணவரே குறித்துக்கொள்ளட்டும். காரணம் கேட்க வேண்டாம். செலவு ஒன்றும் ஏறாது, நெய்யும் பனீரும் சேராத ஒரு பொரியல் போதும்.

ரெண்டு, செமஸ்டருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெஸ் அடுப்பை வெளியூர், வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுங்கள். சமைக்க விருப்பம் இருப்பவர்கள் சமைக்கட்டும். பொருள் செலவு மெஸ் கணக்கில் போகட்டும். கல்ச்சுரல்ஸில் வேஷம் கட்டி ஸ்டால் போட்டு போட்டோ எடுப்பது மாதிரி இல்லாமல், எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வேளைச் சாப்பாடாக இருக்கட்டும். நாம் வெங்காயம் உரிக்கலாம். அது எவ்வளவு நேர வேலைன்னாவது தெரியும்.

மூணு, இது கமிட்டிக்கு இல்லை, நமக்கு. பட்டப்பெயரை நிறுத்துவோம். பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றால் இன்னொரு தடவை கேட்போம்.

அன்றைக்கு ராத்திரி இரண்டு மெசேஜ் அனுப்பினேன். முதலாவது அம்மாவுக்கு: தோசைக்கு அளவு என்ன? அம்மா போனே பண்ணிட்டாங்க. “நாலுக்கு ஒண்ணு, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஏன்டா, அங்க ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?”

இரண்டாவது அந்த அண்ணாவுக்கு. நம்பர் பழைய ஹாஸ்டல் குரூப்பில் இருந்தது. இன்ஜெரா சாப்பிட்டேன் என்றும், புதன்கிழமை பற்றி இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன் என்றும், மன்னிச்சுக்கோங்க என்றும் எழுதினேன். மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்ஜெரா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கண்கள் நன்றாக வந்திருக்கின்றன என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு கேள்வி: “நம்ம மெஸ் சாம்பார்ல இப்பவாவது பருப்பு இருக்கா?”

இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.